அறங்காவலர் குழுவில் யார் அமர வேண்டும்?



ஏழை மாணவர்க்கு உதவித்தொகை, முதியோர்க்கு இல்லம், நோயாளிக்கு மருந்து என நம் நாட்டில் அறநிலையங்கள் பல நடைபெறுகின்றன. அவற்றை நிருவகிப்போர் அறங்காவலர் எனப்படுவர். அவர்கள் அப்பொருளைத் தம் நலத்துக்குப் பயன்படுத்துபவர் அல்லர். பிறர் நலத்துக்காக அதைக் காத்து நிற்பவர். அங்ஙனமாயின், அந்தப் பிறருடைய நிலையை நேரில் அறிந்தவர் அக்குழுவில் இருக்க வேண்டாவா?

என் அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஒரு சிறு கல்வி அறக்கட்டளையின் அறங்காவலருள் ஒருவனாகவும் இருந்தேன். நாங்கள் ஐவர், ஐவரும் ஆடவர், ஏறத்தாழ ஒரே வயதினர். இடம் காலியானால் நண்பர் ஒருவரையே அழைத்துக்கொள்வோம். கணக்கில் ஒரு காசும் தவறியதில்லை. ஆயினும், ஆண்டுதோறும் உதவித்தொகையில் ஒரு பகுதி வாங்குவாரின்றி மிஞ்சியது. பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டினோம்.

பின்னர், சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்துவந்த ஓர் அம்மையார் குழுவில் சேர்ந்தார். முதற் கூட்டத்திலேயே, "ஐயா, வருமானச் சான்று கேட்கிறீர்கள். அதை வாங்க இரண்டு நாள் அலைய வேண்டும். இரண்டு நாள் கூலியை விட எங்களால் முடியுமா?" என்றார். எங்களுக்கு மறுமொழி தோன்றவில்லை. பள்ளியே விசாரித்துச் சான்று தரலாம் என்று விதியை மாற்றினோம். மறு ஆண்டு பணம் மிஞ்சவில்லை. ஆனால், அதற்கு முந்தைய ஆண்டே என் பள்ளியில் முதன்மையாகத் தேறிய சிறுமி ஒருத்தி படிப்பை நிறுத்திவிட்டாள். அவள் விண்ணப்பம் எங்களிடம் வந்து சேரவே இல்லை. எங்கள் நேர்மையில் குறையில்லை. ஆனால் ஊர் நிலையை நாங்கள் அறிந்திருக்கவில்லை.

சட்டமும் இவ்வுண்மையை ஏற்றிருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினரேனும் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்றும், உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது.

இத்தகையோரைத் தேடுவது எப்படி? முதலில் அறக்கட்டளைப் பத்திரத்தைப் படித்து, அறங்காவலர் எத்தனை பேர், அவர்களை நியமிக்கும் முறை யாது என அறிக. அடுத்து, குழுவில் எந்த அனுபவம் இல்லை என்பதை எழுதுக. பிறகு அறிவிப்பை நண்பர் வட்டத்தில் மட்டும் சொல்லாமல், நூலகத்திலும் நியாயவிலைக் கடையிலும் ஒட்டுக. கூலிக்குச் செல்வோர் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வைத்து, பேருந்துக் கட்டணத்தையும் கொடுத்திடுக. கணக்கை எளிய தமிழில் விளக்குக. புதியவர் ஒருவரை மட்டும் அமர்த்தினால் அவர் தனித்துப் போவார், இருவரையேனும் சேர்த்துக்கொள்க. பதவிக்குக் கால வரையறை இருந்தால் பிறர்க்கும் வாய்ப்புக் கிட்டும். உறுப்பினர் ஒருவரின் பிள்ளையே விண்ணப்பித்தால், அம்முடிவில் அவர் கலந்துகொள்ளலாகாது.

"இதனால் தகுதி குறையாதா?" எனச் சிலர் வினவலாம். கணக்கறிவு ஒரு தகுதி. சட்ட அறிவும் ஒரு தகுதி. வறுமையில் பிள்ளையைப் படிக்க வைத்த அனுபவமும் அவற்றோடு ஒத்த தகுதியே அன்றோ?

மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் இத்தகைய குழுக்களில் அமர்வீர்கள். அங்கே அமர்ந்ததும், இங்கே வராதவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிறகு சென்று அவரை அழைத்து வாருங்கள்.