அண்டை வீட்டாருக்கும் ஒரு விகிதமா?

1964ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி. அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். உணவகமோ, தங்குவிடுதியோ, திரையரங்கோ, தோலின் நிறத்தைக் காட்டி ஒருவரை வெளியே நிறுத்தக்கூடாது என்றது அந்தச் சட்டம்.

சரியாக 19 நாள் கழித்து, ஜூலை 21ஆம் தேதி. நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலம் சிங்கப்பூரின் பாடாங் திடலிலிருந்து கேலாங்கை நோக்கிப் புறப்பட்டது. மாலை 5 மணியளவில் காலாங் எரிவாயு ஆலை அருகே கைகலப்பு மூண்டது. இருட்டுவதற்குள் அது சீனர், மலாய்க்காரரிடையே இனக் கலவரமாகிவிட்டது. அன்றிரவே ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. செப்டம்பரில் கேலாங் சிராயில் மறுபடியும் கலவரம் வெடித்தது. இரண்டிலும் சேர்த்து 36 பேர் மாண்டனர். 500க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

இரு நாடுகளின் முன்னும் இருந்தது ஒரே கேள்விதான். வெவ்வேறு இனத்தார் ஒரே ஊரில் எப்படிச் சேர்ந்து வாழ்வது? ஆனால் அவை தேடிக்கொண்ட விடைகள் வேறு வேறு.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சட்டமே மக்களைப் பிரித்து வைத்திருந்தது. கறுப்பினத்தாருக்குத் தனிப் பள்ளி, பேருந்தில் தனி இருக்கை. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954ல் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும் 1957ல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைய ராணுவம் காவலுக்கு வரவேண்டியிருந்தது. அங்கே போராட்டம் அநியாயச் சட்டத்தை உடைப்பதற்காக நடந்தது.

சிங்கப்பூரில் அப்படிப்பட்ட சட்டம் இருக்கவில்லை. ஆனால் ஊரை வரைந்த விதத்திலேயே பிரிவினை இருந்தது. ராஃபிள்ஸின் 1822ஆம் ஆண்டு நகரத் திட்டம் ஐரோப்பியர், சீனர், மலாய்க்காரர், அரபுக்காரர், இந்தியர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதியை ஒதுக்கியது. சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் வாழ்ந்த மலாய் மக்கள் 1840களில் அங்கிருந்து அகற்றப்பட்டபோது பலர் கேலாங் பக்கம் குடியேறினர். கேலாங் சிராய் மலாய்க்காரர்களின் வட்டாரமாக வளர்ந்தது இப்படித்தான்.

1964 கலவரத்துக்கு அரசியலும் காரணம். அப்போது சிங்கப்பூர் மலேசியாவின் ஓர் அங்கம். அம்னோவுக்கும் மக்கள் செயல் கட்சிக்கும் இடையே இருந்த பூசல் ஏற்கனவே சூட்டைக் கிளப்பியிருந்தது. தனித்தனியாக வாழ்ந்த மக்களிடையே வதந்தி தீயாய்ப் பரவியது. கலவரத்துக்குப் பின் வட்டாரந்தோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஆனால் நிலையான மாற்றத்தைக் கொண்டுவந்தது வீடுதான்.

1960ல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, கம்பத்து வீடுகளில் இருந்தவர்களை அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றியது. எல்லா இனத்தாரும் ஒரே புளோக்கில் குடியேறினர். ஆனால் மறுவிற்பனைச் சந்தை பெருகியதும் மக்கள் மீண்டும் தத்தம் இனத்தார் பக்கம் நகர ஆரம்பித்தனர். 1980களின் பிற்பகுதியில் பிடோக், தெம்பனிஸ் பகுதிகளில் மலாய்க்காரர் விகிதம் 30 விழுக்காட்டைத் தாண்டியது. ஹவ்காங்கில் சீனர் விகிதம் 90 விழுக்காட்டைத் தாண்டியது.

இந்தப் போக்கைத் தடுக்கவே 1989 மார்ச் 1ஆம் தேதி இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்புக்கு வந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன். ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25 விழுக்காடு, இந்தியரும் பிற இனத்தாரும் 13 விழுக்காடு என்று உச்சவரம்பு வைக்கப்பட்டது. பேட்டை அளவில் வரம்பு இன்னும் சற்றுக் குறைவு. 2010ல் இந்தியர், பிற இனத்தாருக்கான புளோக் வரம்பு 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. ஒரு புளோக்கில் சீனர் பங்கு நிறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள சீனர் தம் வீட்டை இன்னொரு சீனருக்கு விற்கலாம். விகிதம் மாறப்போவதில்லை. ஆனால் அதே மாடியில் இருக்கும் இந்தியர் சீனருக்கு விற்க முடியாது. நாட்டு மக்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் சீனர். எனவே அவர் வீட்டை வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கை சட்டென்று சுருங்கிவிடுகிறது. காத்திருக்க வேண்டும், அல்லது விலையைக் குறைக்க வேண்டும். ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தை ஒரே வீட்டில் போட்டிருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன இழப்பன்று.

அரசாங்கமும் இதை உணராமல் இல்லை. கொள்கையால் மிகவும் பாதிக்கப்பட்டு வீட்டை விற்க இயலாமல் தவிப்போரின் வீடுகளை, நிபந்தனைகளுக்கு உட்பட்டு வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022ல் அறிவிக்கப்பட்டது.

அப்படியானால் கொள்கையையே எடுத்துவிடலாமா? அமெரிக்க அனுபவம் யோசிக்க வைக்கிறது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டை அந்நாடு 1968ல் தடை செய்தது. ஆனால் யாருக்கு யார் அண்டை வீட்டார் என்பதில் சட்டம் தலையிடவில்லை. இன்றும் அங்குப் பல நகரங்களில் கறுப்பினத்தார் வட்டாரமும் வெள்ளையர் வட்டாரமும் தனித்தனியாகவே இருக்கின்றன. பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டருகே உள்ள பள்ளிக்குச் செல்வதால் பள்ளிகளும் அப்படியே பிரிந்து கிடக்கின்றன. பூட்டிய கதவைத் திறந்துவிட்டால் மட்டும் மக்கள் கலந்துவிடுவதில்லை.

சிங்கப்பூரின் பள்ளிகளில் 1997 முதல் ஜூலை 21 இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடப்படுகிறது. சீனப் பிள்ளை சேலை கட்டுகிறது, இந்தியப் பிள்ளை பாஜு குரோங் அணிகிறது. ஏன் அந்தத் தேதி என்று பிள்ளை கேட்டால், காலாங்கிலும் கேலாங்கிலும் நடந்ததைப் பெற்றோர் மறைக்காமல் சொல்லவேண்டும். சேர்ந்து வாழ்வதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். அதன் பலன் எல்லாருக்கும் கிடைக்கிறது. அப்படியிருக்க, விலையை மட்டும் வீட்டை விற்க முடியாத ஒரு சிறுபான்மைக் குடும்பம் தனியே கொடுக்கலாமா?