ராப்சன் கவுண்டியின் மக்கட்கூறு: இனம், இனக்குழு, கணக்கெடுப்பு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட கரோலைனா மாநிலத்தில் அமைந்த ராப்சன் கவுண்டி, பூர்வகுடியினர், வெள்ளையர், கறுப்பினத்தவர் ஆகிய மூவருள் எவரும் பெரும்பான்மை பெறாத ஊரகப் பகுதியாகும். அதன் மக்கட்கூறு உருவான வரலாற்றையும், அதனைக் காட்டும் எண்கள் எவரால், எந்த நோக்கில் எண்ணப்பட்டன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ராப்சன் கவுண்டி, லம்பி மக்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இனம், இனக்குழு.

முன்னுரை

கவுண்டி என்பது அமெரிக்க மாநிலங்களின் உட்பிரிவு. நம் மாவட்டத்தோடு ஒருவாறு ஒப்பிடத்தக்கது. எனினும் அதன் நிர்வாகிகளுள் பலர் தேர்தல் வழியாகவே பதவிக்கு வருவர். ஆகவே ஒரு கவுண்டியில் எவ்வினத்தார் எத்தனை பேர் என்னும் வினா, அங்குப் பள்ளிக் குழுவையும் ஷெரிஃபையும் தேர்ந்தெடுப்பவர் யார் என்னும் வினாவோடு பிணைந்துள்ளது.

ராப்சன் கவுண்டி 1787-இல் பிளேடன் கவுண்டியிலிருந்து பிரிக்கப்பட்டது. தென் கரோலைனா எல்லையை ஒட்டி, லம்பர் ஆற்றுப் படுகையில் அமைந்தது. தலைநகர் லம்பர்டன். 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 1,34,168. அவர்களுள் அமெரிக்கப் பூர்வகுடியினர் 38.4 விழுக்காடு, வெள்ளையர் 29.0 விழுக்காடு, கறுப்பினத்தவர் 24.3 விழுக்காடு. எஞ்சியோர் ஆசியர், பிற இனத்தார், ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறித்தோர் ஆவர். ஹிஸ்பானியர் 8.1 விழுக்காடு. இந்த இறுதி எண்ணை முந்தையவற்றோடு கூட்டுதல் பிழையாகும். அமெரிக்கக் கணக்கெடுப்பில் இனம் ஒரு வினா. ஹிஸ்பானிய மரபு என்னும் இனக்குழு அடையாளம் வேறொரு வினா. ஹிஸ்பானியர் ஒருவர் எவ்வினத்தையும் குறிக்கலாம். அட்டவணைகளை எடுத்தாளும் கட்டுரைகள் பலவற்றில் இவ்வேறுபாடு கவனிக்கப்படாமையால் கூட்டுத்தொகை நூற்றைத் தாண்டுவதைக் காணலாம்.

பூர்வகுடியினருள் மிகப் பெரும்பாலோர் லம்பி மக்கள். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே வாழும் பூர்வகுடிகளுள் மிகப் பெரிய குழுக்களில் ஒன்றாக இவர்கள் கருதப்படுகின்றனர். இவர்களுக்கெனத் தனி ஒதுக்கீட்டு நிலம் வரையறுக்கப்பட்டதில்லை. ஒப்பந்தத்தின்வழி நிலம் இழந்து வேற்றிடம் பெயர்க்கப்பட்டவர்களும் அல்லர். சதுப்பு நிலங்களுக்கிடையே சிறு வேளாண் குடிகளாக அதே மண்ணில் தொடர்ந்து வாழ்ந்தனர், ஆங்கிலம் பேசினர், கிறித்தவ சமயத்தைப் பின்பற்றினர். ‘இந்தியர்’ எனப் பிறர் எதிர்பார்த்த புறத்தோற்றம் இவர்களிடம் இல்லாமையே பிற்காலச் சிக்கல்கள் பலவற்றிற்குக் காரணமாயிற்று.

பெயரிடுதலின் வரலாறு

தொடக்ககாலக் கணக்கெடுப்புப் படிவங்களில் இம்மக்களுக்கு உரிய கட்டம் இல்லை. 1790-ஆம் ஆண்டுப் படிவத்தில் சுதந்திர வெள்ளையர், ஏனைய சுதந்திரர், அடிமைகள் என்பனவே பிரிவுகள். லம்பி மக்களின் முன்னோர் ‘ஏனைய சுதந்திரர்’ என்பதற்குள் அடங்கினர். 1850-இலும் 1860-இலும் அவர்களுள் பலர் ‘முலாட்டோ’, அதாவது கலப்பினத்தவர், எனக் குறிக்கப்பட்டனர். ‘இந்தியர்’ என்னும் வகை நாடு தழுவிய படிவத்தில் 1870-இல்தான் அச்சேறியது. எனவே அதற்கு முற்பட்ட ஏடுகளில் இக்கவுண்டியில் இந்தியர் இன்மையைக் கண்டு, அவர்கள் அங்கு இருந்திலர் என முடிவு செய்ய இயலாது.

இக்குறிப்பு வெறும் ஏட்டளவில் நிற்கவில்லை. 1835-இல் திருத்தப்பட்ட வட கரோலைனா அரசமைப்பு, வெள்ளையரல்லாத சுதந்திர மக்களின் வாக்குரிமையைப் பறித்தது. லம்பி முன்னோரும் அதற்கு உட்பட்டனர். உள்நாட்டுப் போரின்போது இம்மக்களின் இளைஞர்கள் ஃபிஷர் கோட்டைக் கட்டுமானத்திற்குக் கட்டாயமாகக் கொண்டுசெல்லப்பட்டனர். 1865-இல் உள்ளூர்க் காவற்படையினர் ஆலன் லௌரியையும் அவர் மகன் வில்லியத்தையும் சுட்டுக் கொன்றனர். ஆலனின் மற்றொரு மகனான ஹென்றி பெரி லௌரி தலைமையிலான குழு 1872 வரை அதிகாரத்தாரை எதிர்த்து நின்றது. அக்குழுவில் பூர்வகுடியினரோடு கறுப்பினத்தவரும் வெள்ளையர் ஒருவரும் இடம்பெற்றிருந்தனர். அட்டவணை மூன்றாகப் பிரித்த மக்கள் களத்தில் அவ்வாறே பிரிந்து நின்றாரல்லர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

1885-இல் மாநிலச் சட்டமன்றம் இம்மக்களைக் ‘குரோட்டன் இந்தியர்’ எனப் பெயரிட்டு, அவர்களுக்குத் தனிப்பள்ளிகளை அனுமதித்தது. 1587-இல் ரோனோக் தீவில் குடியேறிக் காணாமற்போன ஆங்கிலேயரின் வழித்தோன்றல்கள் இவர்கள் என்னும் கருத்தை ஹாமில்டன் மக்மில்லன் என்ற உறுப்பினர் முன்வைத்தார்; பெயரின் பின்புலம் இதுவே. பின்னர் அச்சொல்லையே பிறர் இழிபெயராகச் சுருக்கி வழங்கத் தொடங்கியதால், 1911-இல் ‘ராப்சன் கவுண்டி இந்தியர்’ என்றும், 1913-இல் ‘ராப்சன் கவுண்டி செரோக்கி இந்தியர்’ என்றும் சட்டப் பெயர்கள் மாறின. ஆற்றின் பெயரை அடியொற்றிய ‘லம்பி’ என்னும் பெயர் 1953-இல் மாநில ஏற்பைப் பெற்றது. எழுபது ஆண்டுகளுக்குள் ஒரே மக்களுக்கு நான்கு சட்டப் பெயர்கள் வழங்கின. இவற்றுள் எதனையும் ஏற்காது தம்மை டஸ்கரோரா எனக் கூறுவோரும் இக்கவுண்டியில் உள்ளனர். 38.4 என்னும் ஒற்றை எண் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

மூவகைப் பிரிவினையும் பள்ளியும்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் இனப்பிரிவினை பொதுவாக வெள்ளையர், கறுப்பினத்தவர் என இருகூறாகப் பேசப்படுகிறது. ராப்சனில் அது முக்கூறாக இருந்தது. பள்ளிகள் மூன்று, திரையரங்குகளிலும் மூவகை இருக்கைப் பகுதிகள். 1887-இல் இந்திய ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய பயிற்சிப் பள்ளியே இன்று பெம்புரோக்கில் உள்ள வட கரோலைனாப் பல்கலைக்கழகக் கிளையாக வளர்ந்துள்ளது. இந்தியப் பள்ளியில் சேர்க்கப்படத் தக்கவர் யார் என்பதை முடிவு செய்ய இம்மக்களுள்ளேயே குழுக்கள் அமைந்தன. அவை குடும்ப வழிமுறையை ஆராய்ந்தன. ஒதுக்கப்பட்டோர் தம் பள்ளியைக் காக்க வேறு சிலரை ஒதுக்க நேர்ந்த இந்நிலை தனி ஆய்வுக்கு உரியது.

1934-ஆம் ஆண்டு இந்தியர் மறுசீரமைப்புச் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட குழுவைச் சாராதவர் பாதியளவேனும் இந்தியக் குருதி உடையவர் என மெய்ப்பித்தால் பயன்பெறலாம் என்றது. அதனை அளந்தறிய 1936-இல் கார்ல் செல்ட்சர் என்னும் மானிடவியலாளர் அனுப்பப்பட்டார். அவர் தலை, மூக்கு, மயிர், தோல் ஆகியவற்றை ஆராய்ந்து, விண்ணப்பித்த 209 பேருள் 22 பேரையே தகுதியுடையோராக ஏற்றார். உடன்பிறந்தோருள் ஒருவர் இந்தியராகவும் மற்றவர் அல்லாதவராகவும் முடிவு செய்யப்பட்டனர். சென்னை மாகாணத்தில் எட்கர் தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் அளந்த முறையை அறிந்தவர்களுக்கு இதன் அடிப்படை புதிதன்று. ஒரே தாய் தந்தையர்க்குப் பிறந்தோரை இரு இனமாகப் பிரித்த முடிவு, அளவுகோலின் தகுதியைத் தானே வெளிப்படுத்திவிடுகிறது.

1956-ஆம் ஆண்டு லம்பிச் சட்டம் அப்பெயரைக் கூட்டரசு அளவில் ஏற்றது. ஆயின் இந்தியர் என்னும் தகுதியால் கிடைக்கும் கூட்டரசு நலத்திட்டங்களை இவர்களுக்கு மறுத்தது. பெயர் உண்டு, பயன் இல்லை எனும் நிலை. அடுத்த ஈராண்டுக்குள், 1958 சனவரி 18 அன்று, மாக்ஸ்டன் அருகே ஹேய்ஸ் குளக்கரையில் கூடிய கு கிளக்ஸ் கிளான் அமைப்பினரை நூற்றுக்கணக்கான லம்பி மக்கள் சூழ்ந்து விரட்டினர். இச்செய்தி நாடெங்கும் பரவியது.

ஆயினும் கவுண்டியின் அதிகாரச் சமன்பாட்டை மாற்றியது அந்நிகழ்வன்று. பள்ளிக் குழுத் தேர்தல் வழக்கே. நகரங்களுக்குத் தனிப் பள்ளி நிர்வாகங்கள் இருந்தன. அந்நகரவாசிகளுள் வெள்ளையர் மிகுதி. அவர்கள் தம் நகரப் பள்ளிக் குழுவிற்கும், பூர்வகுடி, கறுப்பின மாணவர் மிகுந்த கவுண்டிப் பள்ளிக் குழுவிற்கும் சேர்த்தே வாக்களித்தனர். கவுண்டிவாசிகளுக்கு நகரக் குழுவில் வாக்கில்லை. ‘இரட்டை வாக்கு’ எனப்பட்ட இம்முறையைக் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் 1975-இல் செல்லாதாக்கியது. எண்ணிக்கையில் மிகுந்தோர் அதற்கேற்ற அதிகாரத்தைப் பெறாதிருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று இக்கவுண்டியில் இல்லை.

அண்மைக்கால மாற்றங்கள்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஒருவரின் இனத்தைக் கணக்கெடுப்பாளரே கண்டு எழுதினார். 1960 முதல் மக்கள் தாமே குறிக்கும் முறை படிப்படியாக வந்தது. 2000 முதல் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கவும் இடமளிக்கப்பட்டது. ஆகவே பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிட்டுப் பூர்வகுடியினர் பெருகினர் எனக் கூறும்போது, பிறப்பால் வந்த பெருக்கம் எவ்வளவு, குறிப்பு முறையால் வந்த பெருக்கம் எவ்வளவு எனப் பிரித்தறிதல் வேண்டும்.

ஹிஸ்பானியர் வருகை பெரும்பாலும் 1990-களுக்குப் பிற்பட்டது. 1992-இல் அண்டைப் பிளேடன் கவுண்டியின் டார் ஹீலில் தொடங்கிய பெரும் பன்றி இறைச்சி ஆலைக்கு ராப்சனிலிருந்தும் தொழிலாளர் சென்றனர். அவ்வாலையில் லம்பி, கறுப்பின, ஹிஸ்பானியத் தொழிலாளர் ஒருங்கே பணியாற்றினர். நெடிய போராட்டத்திற்குப் பின் 2008-இல் தொழிற்சங்கத்திற்கு ஆதரவாக வாக்களித்தனர்.

2020-இல் கவுண்டியின் மக்கள்தொகை 1,16,530 என எண்ணப்பட்டது. பத்தாண்டில் 17,638 குறைவு. 2016-இல் மாத்யூ புயலும் 2018-இல் ஃபுளோரன்ஸ் புயலும் லம்பர்டனை வெள்ளத்தில் ஆழ்த்தியிருந்தன. கணக்கெடுப்பு நிகழ்ந்ததோ பெருந்தொற்றுக் காலம். ஆகவே இக்குறைவை முழுவதும் இடப்பெயர்வாகக் கொள்ளாமல், எண்ணப்படாது விடுபட்டோரையும் கருத வேண்டும். தேர்தல் தொகுதி எல்லைகளும் கூட்டரசு நிதியும் இவ்வெண்ணைக் கொண்டே வகுக்கப்படுவதால், விடுபட்ட ஒவ்வொரு வீடும் பத்தாண்டு இழப்பாகும்.

2024 மார்ச்சில் அமெரிக்க அரசு இனத்தையும் ஹிஸ்பானிய மரபையும் ஒரே வினாவாக இணைக்கும் புதிய விதியை அறிவித்தது. அவ்விதி நடைமுறையில் நின்றால், மெக்சிகோவிலிருந்து வந்த பூர்வகுடித் தொழிலாளி ஒருவரும் லம்பி மூதாட்டி ஒருவரும் 2030-ஆம் ஆண்டுப் படிவத்தில் ‘அமெரிக்கப் பூர்வகுடி’ என்னும் ஒரே கட்டத்தைக் குறிக்கலாம். அவ்விருவரையும் வேறுபடுத்திக் காட்டுபவை, முதலாமவர் கூடுதலாகக் குறிக்கும் ஹிஸ்பானியர் கட்டமும், குழுவின் பெயரை எழுத விடப்பட்ட சிறு வெற்றிடமும் மட்டுமே.