ஓணம் நேரத்தில் சாஃப்ட்வேர் மாற்றலாமா? ஸ்ரீமதுரை லைன் சொல்லிக்கொடுத்த பாடம்

கூடலூரில் என் தாய்மாமா ஏஜென்சி நடத்துகிறார். சோப்பு, பற்பசை, பிஸ்கட், மசாலா என நான்கு கம்பெனிகளின் சரக்கை மொத்தமாக எடுத்து, சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் கொடுப்பதுதான் தொழில். கிழமைக்கு ஒரு லைன். புதன்கிழமை என்றால் ஸ்ரீமதுரை, மண்வயல் பக்கம் வண்டி போகும்.

வயலும் தேயிலையும் இஞ்சியும் பாக்கும் கலந்த ஊர் ஸ்ரீமதுரை. கடைக்காரர்களில் பாதிப்பேர் தமிழ் பேசுவார்கள், பாதிப்பேர் மலையாளம். தீபாவளிக்கு எவ்வளவு சரக்கு போகுமோ, ஓணத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு போகும். 2023 ஆகஸ்ட் 29 திருவோணம். அதற்கு முந்தைய வாரம் லீவு போட்டுவிட்டு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. குடோன் நிறைய சரக்கு இருக்கிறது, ஆனால் பில் போட முடியவில்லை. காரணம், புதிதாக வாங்கிய சாஃப்ட்வேர்.

'நம்ம ஊர் ஏஜென்சிக்கும் ஐ.டி புராஜெக்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். இன்றைக்கு ஒரு மொத்த விநியோகஸ்தரைத் தூங்கவிடாமல் செய்யும் விஷயங்களில் இதுவும் ஒன்று.

மாற்றாமல் இருக்க முடியாதா?

மாமா கம்ப்யூட்டர் தெரியாதவர் அல்ல. ஒரு பழைய பில்லிங் புரோகிராமும், தடிமனான ஒரு நீல நோட்டுமாகப் பல வருடங்கள் ஓட்டியவர். ஆனால், 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. அடுத்த வருடமே இ-வே பில் வந்தது. பிறகு இ-இன்வாய்ஸ். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்தது, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமானது. ஜிஎஸ்டி எண் உள்ள கடைக்குப் போடும் ஒவ்வொரு பில்லையும் அரசின் போர்ட்டலில் ஏற்றி, அதற்கென ஓர் எண்ணும் க்யூஆர் கோடும் வாங்க வேண்டும். மாமாவின் பழைய புரோகிராமில் அந்த வசதி இல்லை.

5 கோடி என்றதும் பெரிய பணக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தத் தொழிலில் விநியோகஸ்தருக்குக் கிடைக்கும் மார்ஜின் பொதுவாக 3 முதல் 5 சதவீதம்தான். 4 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 20 லட்சம், மாதத்துக்கு ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். குடோன் வாடகை, வண்டி, டீசல், சேல்ஸ்மேன்கள், லோடுமேன்கள் சம்பளம், பேங்க் வட்டி எல்லாம் அதற்குள்தான். எலி கடித்த பிஸ்கட் பாக்கெட்டும், மழையில் நனைந்த அட்டைப்பெட்டியும் அதிலேயே கழியும். ஒரு வாரம் பில் போடாமல் இருந்தால், அந்த மாதத்து லாபம் போயிற்று.

இன்னொரு பக்கம் ஆப் மூலம் கடைக்காரர்களுக்கே நேரடியாகச் சரக்கு கொடுக்கும் பெரிய நிறுவனங்கள். அவர்களுக்குக் கிடைக்கும் விலையும் ஸ்கீமும் எங்களுக்கும் வேண்டும் என்று அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு 2021 டிசம்பரில் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. 2022 ஜனவரியில் மகாராஷ்டிராவில் கோல்கேட்டின் சில பொருட்களை எடுத்துப்போக மறுக்கும் அளவுக்கு விஷயம் முற்றி, பிறகு பேச்சுவார்த்தைக்குப் போனது. ஆப்போடு போட்டி போட வேண்டுமென்றால் எந்தக் கடையில் எது தீர்ந்திருக்கிறது, எந்த ஸ்கீம் யாருக்குப் போயிருக்கிறது என்பது விரல்நுனியில் இருக்க வேண்டும். அதற்கு நீல நோட்டு போதாது.

ஆக, மாமா சாஃப்ட்வேர் மாற்றியதில் தப்பில்லை. மாற்றிய விதத்தில்தான் தப்பு.

நான்கு நாள் நடந்த கூத்து

"மூணே நாள்ல ரெடி சார்" என்று சொல்லித்தான் விற்றவர்கள் ஆரம்பித்தார்கள். ஆகஸ்ட் 1 கெடு தாண்டிவிட்ட பதற்றத்தில் மாமாவும் தலையாட்டிவிட்டார். ஜிஎஸ்டி எண் உள்ள கடைகளுக்கு அதுவரை ஆடிட்டர் ஆபீஸில் வைத்து ஒவ்வொரு பில்லாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓண ஆர்டர் குவியும் நேரத்தில், ஒரு திங்கட்கிழமை காலை பழைய புரோகிராமை மூடிவிட்டுப் புதியதைத் திறந்தார்கள்.

முதல் சிக்கல், ஒரே சோப்புக்கு இரண்டு எம்ஆர்பி. பழைய விலை அச்சிட்ட பெட்டி குடோனின் பின்பக்கம், புது விலைப் பெட்டி முன்பக்கம். பழைய புரோகிராமில் இரண்டும் தனித்தனிப் பெயரில் இருந்தன. புதியதில் ஏற்றியவர், பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று இரண்டையும் சேர்த்துவிட்டார். லோடுமேன் பழைய பெட்டியை எடுத்து வண்டியில் வைக்க, பில் புது விலையில் வந்தது.

இரண்டாவது, சிக்னல். சேல்ஸ்மேன் கடையில் நின்றபடியே மொபைலில் ஆர்டர் போட வேண்டும். மண்வயல் பக்கம் போனால் சிக்னல் வரும், போகும். ஆர்டர் போகவில்லை என்று நினைத்து அவர் மறுபடி அழுத்தினார். இரண்டும் போய்ச் சேர்ந்தன. நான்கு பெட்டி கேட்ட கடைக்கு எட்டுப் பெட்டி இறங்கியது.

மூன்றாவதுதான் பெரிய அடி. கடைகளின் பாக்கியைப் புதிய புரோகிராமில் ஏற்றும்போது, பில் வாரியாக ஏற்றாமல் மொத்தத் தொகையாக ஏற்றிவிட்டார்கள். '14 நாளுக்கு மேல் பாக்கி இருந்தால் பில் போடாதே' என்று ஒரு பூட்டும் அதில் இருந்தது. எது பழைய பாக்கி, எது போன வாரத்துப் பாக்கி என்று அதற்குத் தெரியாது. மொத்தத்தையும் பழையதாக எடுத்துக்கொண்டு, ஸ்ரீமதுரை லைனில் முக்கால்வாசிக் கடைகளைப் பூட்டிவிட்டது.

அந்த ஊர்க் கடைகளின் கணக்கு 14 நாளுக்குள் அடங்காது. சிறு தேயிலை விவசாயிக்குப் பச்சைத் தேயிலைப் பணம் மாதம் ஒருமுறை வரும். அது வந்தால் கடைக்கடன் அடைபடும். கடைக்கடன் அடைந்தால் மாமாவுக்குப் பணம் வரும். இஞ்சி போட்டவர் இஞ்சி விற்கும்வரை பொறுக்கச் சொல்வார். எந்தக் கடைக்கு எத்தனை நாள் பொறுக்கலாம் என்பது மாமாவின் தலையிலும் அந்த நீல நோட்டிலும் இருந்தது. புரோகிராமுக்கு யாரும் சொல்லவில்லை.

புதன்கிழமை நானும் வண்டியில் போனேன். ஒரு கடையில் சேச்சி ஒருவர் கையெழுத்திட்ட சின்னச் சீட்டை நீட்டினார். போன வாரம் பணம் கட்டிவிட்டார். சேல்ஸ்மேன் நோட்டில் எழுதியிருக்கிறார், கம்ப்யூட்டரில் ஏறவில்லை. பில்லில் அந்தப் பணமும் பாக்கியாக வந்திருந்தது. "காசு வாங்கின ஆளு நிக்கறாரு, சீட்டும் இருக்கு. நீங்க மெஷினு சொல்றதைத்தான் கேப்பீங்களா?" என்று கேட்டார். பெரிய தொகை இல்லை. ஆனால், பன்னிரண்டு வருடமாக ஒரு சண்டையும் இல்லாமல் சரக்கு வாங்கிய கடை அது. அந்த ஓணத்துக்கு அவர் வேறு ஏஜென்சியில் வாங்கிக்கொண்டார்.

அமெரிக்காவிலும் இதே கதைதான்

சென்னை திரும்பியதும் தேடிப் படித்தேன். மாமா கடையில் நடந்தது புதுசே இல்லை.

ஃபாக்ஸ்மேயர் என்று அமெரிக்காவில் ஒரு மொத்த மருந்து விநியோக நிறுவனம் இருந்தது. டெக்சாஸைச் சேர்ந்தது. வருட விற்பனை சுமார் 500 கோடி டாலர். அந்நாட்டின் முன்னணி மருந்து விநியோக நிறுவனங்களில் ஒன்று. 1993-ல் எஸ்ஏபி என்ற பெரிய மென்பொருளுக்கு மாற முடிவுசெய்தது. அதோடு நிற்கவில்லை. தானியங்கி கிடங்கு ஒன்றையும் அதே நேரத்தில் கட்டியது. நடுவே ஒரு பெரிய ஒப்பந்தம் கிடைக்க, அதற்காக வேலை முடிய வேண்டிய தேதியையும் முன்னுக்கு இழுத்தது.

பழைய கம்ப்யூட்டர் ஓர் இரவில் 4,20,000 ஆர்டர்களைக் கையாண்டது. புதியதால் சுமார் 10,000 மட்டுமே முடிந்ததாகச் செய்திகள் வெளியாகின. மூடப்படவிருந்த பழைய கிடங்குகளின் ஊழியர்கள் மனம் வெறுத்து விலகினார்கள். போட்டியால் ஏற்கெனவே ஒல்லியாக இருந்த லாபம் இதைத் தாங்கவில்லை. 1996 ஆகஸ்டில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. பிறகு, மென்பொருள் நிறுவனத்தின் மீதும், ஆலோசனை நிறுவனத்தின் மீதும் தலா 50 கோடி டாலர் கேட்டு வழக்குகள் போடப்பட்டன. அவர்கள் குற்றச்சாட்டை மறுத்தார்கள், கடைசியில் சமரசமானது. ஆனால், ஃபாக்ஸ்மேயர் திரும்பி வரவில்லை.

இன்னொன்று, ஹெர்ஷீஸ் சாக்லேட். 1999 ஜூலையில் புதிய கம்ப்யூட்டர் முறைக்கு மாறினார்கள். அக்டோபர் கடைசியில் ஹாலோவீன், அமெரிக்காவில் மிட்டாய் விற்பனைக்கு அதுதான் தீபாவளி. சரக்கு கிடங்கில் இருந்தும், சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களைக் கடைகளுக்கு அனுப்ப முடியவில்லை. ஹெர்ஷீஸ் பெரிய நிறுவனம், பிழைத்துக்கொண்டது. 4 சதவீத மார்ஜினில் ஓடும் ஏஜென்சிக்கு அந்தத் தெம்பு கிடையாது.

மூன்று கதையிலும் மாற்றிய நேரம் தப்பு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தது தப்பு, சரக்கை எடுத்துக்கொடுக்கும் மனிதர்களை அருகில் வைத்துக்கொள்ளாதது தப்பு.

அப்படியென்றால் எப்படி மாற்றுவது?

ஓணம் முடிந்ததும் மாமா அந்த சாஃப்ட்வேரைத் தூக்கி எறியவில்லை. அடுத்த மூன்று மாதத்தில் பொறுமையாகச் சரிசெய்தார். அவர் செய்ததில் மற்ற வியாபாரிகளுக்கும் உதவக்கூடியவை இவை.

* சீசனைத் தள்ளிப்போடுங்கள். ஓணம், தீபாவளி, மார்ச் கடைசி ஆகிய மூன்று நேரத்திலும் எதையும் மாற்றக் கூடாது. அரசு கெடு வருகிறது என்றால் நான்கு மாதம் முன்பே ஆரம்பியுங்கள்.

* முதலில் கணக்கைக் கழுவுங்கள். குடோனில் ஒவ்வொரு பெட்டியாக எண்ணி, எம்ஆர்பி வாரியாகப் பட்டியல் போடுங்கள். கடை பாக்கியை பில் வாரியாக எழுதி, கடைக்காரரிடம் ஒப்புதல் வாங்கிய பிறகே ஏற்றுங்கள். குப்பையை ஏற்றினால் புது மெஷினும் குப்பையைத்தான் கொடுக்கும்.

* ஒரு லைனில் மட்டும் ஆரம்பியுங்கள். மாமா கூடலூர் டவுன் லைனில் முதலில் ஓட்டினார். இரண்டு வாரம் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடின. சாயங்காலம் இரண்டின் மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். வேலை இரட்டிப்புதான், ஆனால் நிம்மதி.

* கஷ்டமான பில்லைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விற்க வருபவர் சுலபமான பில்லைத்தான் காட்டுவார். ஸ்கீம், பழைய எம்ஆர்பி, எக்ஸ்பைரி ரிட்டர்ன், பாதிப் பணம் கட்டிய கடை எல்லாம் சேர்ந்த ஒரு பில்லைக் கொடுத்து, போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் சோதியுங்கள்.

* பணத்தை முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பகுதியை, முதல் மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் சரியாகப் போன பிறகு தருவதாக எழுதி வாங்குங்கள். நாளைக்கு வேறு சாஃப்ட்வேருக்குப் போனால், உங்கள் டேட்டாவை எடுத்துத் தருவார்களா என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

* சேல்ஸ்மேனையும் லோடுமேனையும் உட்கார வையுங்கள். இரண்டு எம்ஆர்பி விஷயம் லோடுமேனுக்கு முதல்நாளே தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை.

மறுபடி வந்த சோதனை

2025 செப்டம்பர் 3-ம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் வரிக்குறைப்பை அறிவித்தது. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. செப்டம்பர் 22, திங்கட்கிழமை முதல் அமல். பத்தொன்பது நாள்தான் அவகாசம். 18 சதவீத வரியில் வாங்கிய சரக்கு குடோனில் இருக்கும், அதை 5 சதவீத வரியில் விற்க வேண்டும். எந்தப் பொருள் எந்த விகிதம் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். நாலே வாரத்தில் தீபாவளி வேறு. நேரத்தை மாமா தேர்ந்தெடுக்க முடியாது. மற்றவை அவர் கையில் இருந்தன.

செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை இரவு போன் செய்தேன். குடோனில் சத்தம் கேட்டது. லோடுமேன் பெட்டியின் பெயரையும் விலையையும் வாசிக்க, சேல்ஸ்மேன் டிக் அடிக்க, மாமா கம்ப்யூட்டரில் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "அப்புறம் பேசறேன் பாப்பா, இன்னும் நாப்பது அயிட்டம் இருக்கு" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் பில் ஓடியது. இரண்டு மசாலாப் பொருட்களில் தவறு வந்தது, மதியத்துக்குள் திருத்தினார்கள். புதன்கிழமை ஸ்ரீமதுரை லைன் நேரத்துக்குப் போனது. கடைகளின் பொறுப்பு நாட்களை ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாக ஏற்றிவைத்திருந்ததால், எந்தக் கடையும் பூட்டப்படவில்லை.

அந்த சேச்சி இப்போது மாமாவிடமும் வாங்குகிறார், இன்னொரு ஏஜென்சியிடமும் வாங்குகிறார். முன்பு முழுவதும் மாமாவிடம்தான். பாதிதான் திரும்பி வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பில்லை வாங்கியதும், தன் நோட்டை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் எடுத்துக்கொடுக்கிறார். நீல நோட்டை மாமாவும் இன்னும் மூடவில்லை.