மேசைமேல் ஒரு புகையிரதப் பாதை

கொழும்பிலிருந்து வரும் புகையிரதப் பாதை திருகோணமலையிற் கடலருகே வந்து முடிகின்றது. அதற்கப்பாற் செல்ல நிலமில்லை. வந்த எஞ்சின் பெட்டிகளை விட்டுக் கழன்று, பக்கத்துப் பாதைவழியே சுற்றிச் சென்று, மறுமுனையிற் பூட்டப்பட்ட பின்னரே வண்டி திரும்பிப் புறப்படும். இக்காட்சியைக் கண்டு மகிழாத சிறுவர் அரியர். வளர்ந்தபின்னும் அம்மகிழ்ச்சியை மறவாத சிலர், அதே பாதையையும் அதே எஞ்சினையும் தம் வீட்டு மேசைமேல் அமைத்துப் பார்க்க விரும்புகின்றனர். அவ்விருப்பத்திற் பிறந்ததே மாதிரிப் புகையிரதக் கலை.

இதனை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. விளையாட்டு வண்டி ஓடினாற் போதும். மாதிரி வண்டியோ ஓடுவதோடு உண்மையை ஒத்திருக்கவும் வேண்டும். பாதையும் பெட்டியும் கைகாட்டியும் மரமும் மனிதரும் ஒரே விகிதத்திற் சுருக்கப்படும்போதுதான் விளையாட்டுப்பொருள் மாதிரியுருவாகின்றது. ஆகவே இக்கலையின் உயிர்நாடி அளவு எனலாம்.

ஜெர்மனியின் மார்க்ளின் நிறுவனத்தார் 1891-ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையிற் பொம்மை வண்டிகளைத் தண்டவாளத்தோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்தனர். தண்டவாள அகலங்களையும் அவர்கள் ஒழுங்குபடுத்தியமையால், ஒருமுறை வாங்கிய பாதையோடு பின்னர் வாங்கியதையும் இணைக்க முடிந்தது. இங்கிலாந்தில் பிராங்க் ஹோர்ன்பி என்பார் 1920-ஆம் ஆண்டு சாவி முடுக்கி ஓட்டும் வண்டிகளை விற்கத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் 1938-ஆம் ஆண்டு வெளியிட்ட சிறிய வகை வண்டிகள் சாதாரண மேசையொன்றிலேயே அடங்கின. இன்று உலகெங்கும் பெரிதும் வழங்குவது எச்.ஓ. எனப்படும் அளவாகும். உண்மைப் பொருளில் 87-இல் ஒரு பங்கு என்பது இதன் விகிதம்.

இங்குதான் இலங்கையரை ஒரு சிக்கல் எதிர்கொள்கின்றது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பான்மையாக உள்ள பாதையின் அகலம் 1,435 மில்லிமீற்றர். அதனை 87 ஆற் பிரித்தால் 16.5 மில்லிமீற்றர் வரும். கடையில் விற்கும் தண்டவாளம் இந்த அகலத்தையே உடையது. இலங்கையின் பெரும்பாதையோ ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1,676 மில்லிமீற்றர் அகலமுடையது. இந்தியாவின் அகலப்பாதையும் அதுவே. இதனை 87 ஆற் பிரித்தால் ஏறத்தாழ 19.3 மில்லிமீற்றர் கிடைக்கும். கடைத் தண்டவாளத்துக்கும் நம் நாட்டுப் பாதைக்கும் இடையே மூன்று மில்லிமீற்றருக்குச் சிறிது குறைவான வேறுபாடு உண்டு. ஓர் அரிசியின் பருமனளவே உள்ள இவ்வேறுபாட்டைப் பழகிய கண் உடனே கண்டுகொள்ளும். அகன்ற பாதையிற் கால் விரித்து நிற்கும் நம் எஞ்சின், குறுகிய தண்டவாளத்தில் ஏற்றப்பட்டதும் கால்களை ஒடுக்கி நிற்பதுபோலத் தோன்றும்.

என் செய்வது? வழிகள் இரண்டு. முதலாவது, கடைத் தண்டவாளத்தையே ஏற்றுக்கொள்வது. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆங்கிலேயரே இதனைச் செய்திருக்கின்றனர். அவர்கள் நாட்டு எஞ்சின்கள் உருவிற் சிறியவையாதலின், எச்.ஓ. அளவில் அமைத்த கூட்டினுள் அக்காலத்து மோட்டாரை அடக்குவது கடினமாயிருந்தது. ஆகவே கூட்டை மாத்திரம் 76-இல் ஒரு பங்காகப் பெரிதாக்கி, தண்டவாளத்தை 16.5 மில்லிமீற்றரிலேயே விட்டுவிட்டனர். அந்தப் பொருத்தமின்மை இன்றும் அங்கே தொடர்கின்றது. இரண்டாவது வழி, தண்டவாளத்தைத் தானே அமைப்பது. செப்புத்தகடு பதித்த பலகையைச் சிறு சிலிப்பர்களாக நறுக்கி, அவற்றின்மீது தண்டவாளக் கம்பிகளை ஈயத்தாற் பற்றவைத்து, இடைவெளி எங்கும் பிறழாதவாறு ஓர் உலோக அளவுகட்டையால் ஒத்துப்பார்க்க வேண்டும். எஞ்சின், பெட்டி ஆகியவற்றின் அச்சுகளையும் நீளமானவையாக மாற்றவேண்டும். முதல் வழி ஒரு மாதத்தில் வண்டியை ஓட்டித் தரும்; இரண்டாம் வழிக்கு ஆண்டுகள் செல்லும். எதனைத் தெரிவதென்பது அவரவர் பொறுமையையும் பொருளையும் பொறுத்தது. ஆனால் எதை விட்டுக்கொடுத்தோம் என்பதை அறிந்து விட்டுக்கொடுத்தல் வேண்டும்.

அடுத்து, எந்தப் பாதையை அமைப்பது என்ற வினா எழுகின்றது. 1920-களின் பிற்பகுதியில் அமைந்த திருகோணமலைப் பாதை இதற்கு மிகப் பொருத்தமானது. கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையைப் பிரிந்து, காடு கடந்து, கந்தளாயின் வயல்களையும் தம்பலகாமத்தையும் தாண்டி, சீனன்குடாவில் துறைமுகத்தின் ஓரத்தை அடைந்து, திருகோணமலையில் அது முடிகின்றது. மலைநாட்டுப் பாதையைப்போற் சுரங்கங்களும் செங்குத்தான ஏற்றங்களும் இங்கில்லை. பெருஞ்சந்திகளும் குறைவு. ஒற்றைப் பாதையிற் சிறு நிலையங்களே உள்ளன. தொடக்கத்தில் இருப்பவருக்கு இதனினும் ஏற்ற பாடமில்லை.

எனினும் முழுப்பாதையையும் அமைக்க எண்ணுதல் கூடாது. கல்லோயாவிலிருந்து திருகோணமலை வரையுள்ள தூரம் ஏறத்தாழ 70 கிலோமீற்றர். 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் அது 800 மீற்றருக்குக் குறையாது. வளைவிலும் இதே இடர்ப்பாடு உண்டு. மேசைமேல் 45 சதமமீற்றர் ஆரையுள்ள வளைவு உண்மைப் பாதையில் 39 மீற்றர் ஆரைக்குச் சமம். அத்தகைய வளைவில் எந்தப் பெருவண்டியும் திரும்பாது. ஆகவே பாதையைச் சுருக்குவதே அறிவுடைமை. இறுதி நிலையம் ஒன்று. சீனன்குடாவில் மாவாலைக்குப் பிரியும் பக்கப்பாதை ஒன்று. பின்னணியில், பிரித்தானியர் தம் கடற்படைக்கென அமைத்த எண்ணெய்க் குதங்களிற் சில. இடையே ஒரு வயல், ஒரு சிறு பாலம், ஒரு காட்டுத்துண்டு. இவை போதும். எவற்றைக் காட்டினால் ஊரார் “இது நம் ஊர்” என்பார்களோ அவற்றை எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிட வேண்டும்.

அடித்தளத்துக்கு ஒட்டுப்பலகை ஏற்றது. ஆனால் துறைமுகத்துக் காற்றில் ஈரமும் உப்பும் மிகுதி. பலகையின் இருபுறமும் வர்ணம் பூசாவிடின் அது நெளியும். நெளிந்தாற் பாதை கோணும். கறையானையும் மறத்தலாகாது. தண்டவாளத்துக்கு நிக்கல் வெள்ளி என்னும் உலோகமே நன்று. பெயரில் வெள்ளி இருப்பினும் அதிற் சிறிதும் வெள்ளியில்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவையே அது. பித்தளையும் மின்சாரத்தைக் கடத்தும். ஆயினும் உப்புக் காற்றில் அது விரைவிற் கறுத்துப்போகும். அக்கறை மின்சாரத்தைத் தடுக்கும்.

வண்டி ஓடும் முறை எளிமையானது. இரு தண்டவாளங்களும் மின்கலத்தின் இரு முனைகளைப் போன்றவை. ஒன்றிலிருந்து சக்கரத்தின்வழி ஏறும் மின்சாரம் மோட்டாரைச் சுழற்றி, எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தின்வழி மற்றத் தண்டவாளத்திற்கு இறங்கும். பெரும்பாலும் 12 வோல்ற்று நேரோட்ட மின்சாரமே இதற்குப் பயன்படும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கிச் செல்லும்.

இனி எஞ்சினைப் பார்ப்போம். இக்கலையின் மிக நுட்பமான பகுதி இதுவே. இலங்கைப் புகையிரதத்தின் எஞ்சின்களைப் பெட்டியிலிட்டு விற்கும் பெரிய நிறுவனம் எதுவுமில்லை. ஆகவே அயல்நாட்டு எஞ்சினொன்றை வாங்கி உருமாற்றவேண்டும். எம்-2 வகை எஞ்சின் இதற்கு நல்லதோர் உதாரணம். கொழும்புத் திட்டத்தின்கீழ் 1954-ஆம் ஆண்டு முதற் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்கள் இவை. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா முதலிய கனேடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிய அவற்றுட் சில, எழுபது ஆண்டுகளின் பின்னும் பணிபுரிகின்றன. இவை ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் ஜி-12 வகையைச் சேர்ந்தவை. அதே வகை எஞ்சின்கள் பிரேசிலுக்கும் சென்றன. அந்நாட்டின் ஃபிராட்டெஸ்கி நிறுவனம் தன் நாட்டு ஜி-12 எஞ்சினை எச்.ஓ. அளவில் மாதிரியாக வார்த்து வெளியிட்டது. இவ்வாறு தென்னமெரிக்கச் சிறுவனுக்காகச் செய்யப்பட்ட எஞ்சின் திருகோணமலை வண்டியை இழுக்கத் தகுதி பெறுகின்றது.

ஆயின் வர்ணத்தை மாற்றினாற் போதுமா? போதாது. இலங்கையின் எம்-2 எஞ்சின்களிற் பெரும்பாலானவற்றின் கீழ் இரண்டு சக்கரத் தொகுதிகளும், ஒவ்வொரு தொகுதியிலும் மும்மூன்று அச்சுகளும் உள்ளன. நடு அச்சுக்கு மோட்டார் இல்லை. எஞ்சினின் பாரத்தைப் பகிர்ந்து, தண்டவாளத்தின்மீது விழும் சுமையைக் குறைப்பதே அதன் வேலை. மாதிரி எஞ்சினைப் புகைப்படத்தோடு ஒப்பிட்டு, அச்சுகளை எண்ணி, வேறுபாடுகளை முதலிற் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் முகப்பு விளக்கு, மோதுதாங்கி, இணைப்புக் கொக்கி, கைப்பிடிக் கம்பி ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றவேண்டும். மெல்லிய பித்தளைக் கம்பியும் பிளாத்திக்குத் தகடும் கூரிய கத்தியும் இதற்குப் போதிய கருவிகள். வர்ணம் இறுதியில் வருவது. அதனையும் பளபளப்பாக விடாமல், புழுதியும் எண்ணெய்க் கறையும் படிந்ததுபோல மங்கச் செய்வோர் உண்டு.

மற்றொரு மாற்றம் எஞ்சினின் உள்ளே நிகழ்வது. பழைய முறையில் ஒரே பாதையிலுள்ள இரு எஞ்சின்களும் ஒன்றாகவே ஓடும், ஒன்றாகவே நிற்கும். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் 1990-களிற் பொது நியமமாக்கிய இலக்கமுறைக் கட்டுப்பாட்டிலோ தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும். அம்மின்சாரத்தோடு கட்டளைகளும் செல்லும். ஒவ்வோர் எஞ்சினுள்ளும் உள்ள டிகோடர் என்னும் சிறு மின்சுற்று, தன் எண்ணுக்குரிய கட்டளைக்கு மாத்திரம் பணியும். பழைய எஞ்சினில் இதனைப் பொருத்துவோர் ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். மோட்டாரின் இரு மின்தொடுகைகளும் எஞ்சினின் உலோகச் சட்டத்திலிருந்து முற்றாகப் பிரிக்கப்படல் வேண்டும். இல்லையேல் முதன்முறை மின்சாரம் பாய்ந்ததுமே டிகோடர் கருகிவிடும்.

பாதையும் எஞ்சினும் அமைந்தபின் நிலக்காட்சி வருகின்றது. தம்பலகாமத்து வயலின் பச்சை மாதத்துக்கு மாதம் மாறும். எந்த மாதத்து வயலைக் காட்டுவது? கடவையில் நிற்பது மாட்டுவண்டியா, முச்சக்கரவண்டியா? அது எந்த ஆண்டு என்பதை முடிவுசெய்யாமல் இவ்வினாக்களுக்கு விடை கூற இயலாது. காட்டுப்பகுதியிற் பாதையோரத்தே ஒரு யானையை நிறுத்துவது அழகுக்காக மாத்திரமன்று. அப்பாதையில் இரவு வண்டிகளில் மோதுண்டு இறந்த யானைகள் பல. அதனை அறிந்தவரே யானையை எங்கு நிறுத்துவதென அறிவார்.

இவ்வினாக்களுக்கு விடை தேடும்போதுதான், எத்துணை விடயங்கள் எழுதப்படாமலே மறைந்துவிட்டன என்பது புலனாகும். கொழும்பின் பெரிய எஞ்சின்களைப் பற்றிய குறிப்புகள் கிடைக்கின்றன. நீராவி எஞ்சின்களிற் சில காப்பாற்றப்பட்டுள்ளன. 2014-ஆம் ஆண்டு கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட தேசியப் புகையிரத நூதனசாலையிற் பழைய வண்டிகள் பலவற்றைக் காணலாம். ஆனால் ஒரு சிறு நிலையத்தின் தண்ணீர்த் தொட்டி எங்கே நின்றது, சரக்குக் கொட்டகையின் கதவு எந்தப் பக்கம் திறந்தது, கைகாட்டியை இழுத்த கம்பி எவ்வழி சென்றது என்பனவற்றை எந்த நூதனசாலையும் கூறாது. அவற்றை அறிந்தோர் அந்நிலையங்களில் வேலைசெய்து ஓய்வுபெற்ற முதியோரே. அவர்கள் உள்ளபோதே கேட்டறிதல் வேண்டும். அளவு நாடாவும் குறிப்பேடும் கொண்டு ஒரு பழைய மேடையை அளக்கும் இளைஞன், தன் பொழுதுபோக்குக்காகவே அதனைச் செய்கின்றான். எனினும் நாளை அம்மேடை இடிக்கப்பட்டாலும் அவன் குறிப்பேட்டில் அது நிற்கும்.

பாடசாலைகளில் இக்கலை இடம்பெறுமாயின் பெரும்பயன் விளையும். விகிதத்தைக் கணித பாடத்திலும், மின்னோட்டத்தை விஞ்ஞான பாடத்திலும், ஊரின் கதையைச் சரித்திர பாடத்திலும் தனித்தனியே கற்கும் மாணவன், இம்மூன்றும் ஒரே மேசையிற் சந்திப்பதை இங்கே காண்பான். விலையுயர்ந்த எஞ்சின் வேண்டியதில்லை. அட்டையும் பசையும் கொண்டு தன் ஊர் நிலையத்தை அளவு பிறழாமற் செய்து முடித்தாலே அதுவே நல்ல தொடக்கம். வண்டி பின்னர் வரும். வரும்போது அது வந்து நிற்பதற்கு ஒரு நிலையம் ஆயத்தமாக இருக்குமன்றோ?