சுயேச்சை ஜெயிப்பது எப்படி? ஆஸ்திரேலியக் கணக்கு

2013 செப்டம்பரில் ஆஸ்திரேலியா முழுக்க லிபரல்–நேஷனல் கூட்டணி அலை. அந்த அலையிலும் விக்டோரியா மாநிலத்தின் வடகிழக்கில் இருக்கும் இண்டி தொகுதியை லிபரல் கட்சி கோட்டைவிட்டது. கட்சியின் முன்னணி முகங்களில் ஒருவரான சோஃபி மிராபெல்லாவை 439 வாக்குகளில் தோற்கடித்தவர், சுயேச்சையாக நின்ற கேத்தி மெகோவன்.

இந்தக் கதையில் வேட்பாளர் கடைசியாகத்தான் வருகிறார். முந்தைய ஆண்டே தொகுதிக்காரர்கள் சிலர் கூடி ‘இண்டியின் குரல்கள்’ என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். வீடுகளிலும் காபிக் கடைகளிலும் சிறு சிறு குழுவாக உட்கார்ந்து பேசுவதுதான் முதல் வேலை. செல்போன் சிக்னல் இல்லை, ரயிலை நம்ப முடியவில்லை, இணையம் இழுக்கிறது என்று வந்த குறைகளைத் தொகுத்து அறிக்கையாக்கினார்கள். யாரை நிறுத்துவது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் எழுந்தது. நம் ஊர் வழக்கத்துக்கு இது தலைகீழ்.

ஆனால் பேசிப் பேசியே ஜெயித்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வாக்குச்சீட்டும் கைகொடுத்தது. அங்கே கீழவைத் தேர்தலில் எல்லா வேட்பாளர்களுக்கும் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். முதல் விருப்பத்தில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அவற்றில் அடுத்த எண் பெற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். இண்டியில் முதல் விருப்பமாக மிராபெல்லாவுக்குக் கிடைத்தது சுமார் 45 சதவீதம், மெகோவனுக்கு 31தான். ஒரே முத்திரை குத்தும் தேர்தலாக இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். லேபர், பசுமைக் கட்சிகளின் வாக்குகள் கைமாறி வந்து மெகோவனைக் கரைசேர்த்தன.

ஆக, சுயேச்சை செய்ய வேண்டியது இரண்டு. முதலில் இருப்பவரை 50-க்குக் கீழே பிடித்து நிறுத்த வேண்டும். தான் எப்படியாவது இரண்டாம் இடத்துக்கு வந்துவிட வேண்டும். மூன்றாவதாக வந்தால் தன் சீட்டுகளே அடுத்தவருக்குப் போய்விடும். ஒரே கட்சி ஆண்டாண்டாக வென்றுவந்த தொகுதிகளில் இது எளிது. அங்கே எதிர்க்கட்சிக்காரர்கள் தோற்றுத் தோற்றுச் சலித்திருப்பார்கள். ஜெயிக்கக்கூடிய இன்னொருவர் கிடைத்தால் தயங்காமல் மாறிவிடுவார்கள்.

இந்த வழியை நகரங்கள் எடுத்துக்கொண்டன. 2019-ல் சிட்னியின் வாரிங்கா தொகுதியில் முன்னாள் பிரதமர் டோனி அபட்டை ஸாலி ஸ்டெகல் வீழ்த்தினார். 2022-ல் மெல்போர்னின் கூயோங் தொகுதி போனது. லிபரல் கட்சியை நிறுவிய மென்ஸீஸ் வென்ற தொகுதி அது. அங்கே நிதியமைச்சர் ஜோஷ் ஃப்ரைடன்பெர்க், முதல் விருப்பத்தில் முன்னே இருந்தும், குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் மோனிக் ரையனிடம் தோற்றார். அந்தத் தேர்தலில் இப்படிப் புதிதாக ஆறு பெண்கள் லிபரல் தொகுதிகளைப் பிடித்தார்கள். லிபரலின் நீலத்துக்கும் பசுமைக்கும் நடுவிலான நிறத்தைப் பலர் பிரசாரத்தில் பயன்படுத்தியதால் ‘டீல்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இவர்களில் பலருக்குப் பணம் தந்தது சைமன் ஹோம்ஸ் அ கோர்ட் தொடங்கிய ‘கிளைமேட் 200’ நிதியம். சுயேச்சை வேடம் போட்ட கட்சி என்று லிபரல்கள் சாடுவது இதனால்தான். நாடாளுமன்றத்தில் இவர்களைக் கட்டுப்படுத்தும் கொறடா கிடையாது என்பதால் அந்தக் குற்றச்சாட்டு எனக்கு முழுதாக ஒப்பவில்லை. வசதியானவர்கள் வாழும் தொகுதிகளில்தான் இந்த வித்தை அதிகம் பலிக்கிறது என்ற விமர்சனத்தை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. இண்டியைப் பின்பற்றிய கிராமப்புறத் தொகுதிகள் பலவற்றில் சுயேச்சைகள் நெருங்கி வந்தும் தோற்றார்கள்.

சபையிலும் இவர்களின் பலம் எண்ணிக்கையைப் பொறுத்தது. மெகோவனுக்குப் பிறகு இண்டியில் வென்ற ஹெலன் ஹெய்ன்ஸ் விடாமல் வலியுறுத்திய தேசிய ஊழல் தடுப்பு ஆணையம் 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கியது. ஆனால் 2025-ல் லேபர் 150-ல் 94 இடங்களைப் பிடித்துவிட்டதால், சுயேச்சைகளின் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலை அரசுக்கு இல்லை.

அதே ஆண்டு, ஒரு தொகுதியில் வேட்பாளர் 8 லட்சம் டாலருக்கு மேல் செலவழிக்கத் தடைபோடும் சட்டம் நிறைவேறியது. கட்சிகள் மட்டும் நாடு முழுவதற்கும் 9 கோடி டாலர் வரை செலவிடலாம். கட்சியின் பொது விளம்பரம் தங்கள் தொகுதியிலும் ஓடத்தானே செய்யும் என்று சுயேச்சைகள் கேட்டார்கள். லேபரும் லிபரல் கூட்டணியும் கைகோத்து அதை நிறைவேற்றின.