தம்பி ஃபாரன்சிக் படிக்கணும்னு சொல்றானா? ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நீங்க வேலைக்குப் போய் ரெண்டு மூணு வருஷம் ஆகியிருக்கும். வீட்டில் பிளஸ் டூ படிக்கிற தம்பியோ தங்கச்சியோ "நான் ஃபாரன்சிக் சயின்ஸ் படிக்கப் போறேன்" என்று சொன்னால், அப்பா அம்மா உங்க முகத்தைத்தான் பார்ப்பாங்க. ஃபீஸ் உங்க சம்பளத்திலிருந்துதானே போகணும்!

ஆசை தப்பில்ல. மதுரைப் பிள்ளைகளுக்கு இது வெறும் வெப் சீரிஸ் சமாச்சாரமும் இல்ல. கீழடி பக்கத்தில் கொந்தகையில், ஈமத் தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளை வைத்து, சுமார் 2,500 வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த ரெண்டு ஆண்களின் முகத்தை 2025-ல் உருவாக்கிக் காட்டினாங்க. மதுரை காமராஜர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை. அடையாளம் தெரியாத சடலம் கிடைக்கிற வழக்குகளிலும் இதே நுட்பத்தைத்தான் பயன்படுத்துறாங்க.

தேவையும் கூடுது. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, 7 வருஷமோ அதுக்கு மேலோ தண்டனை உள்ள குற்றம்னா தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரணும். இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு 5 வருஷம் அவகாசம். அதுக்காக, சட்டம் வந்துடுச்சு, போஸ்டிங்கும் தானா வந்துடும்னு கணக்குப் போடாதீங்க.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். போஸ்ட்மார்ட்டம் செய்றவர் டாக்டர். அதுக்கு எம்.பி.பி.எஸ். முடிக்கணும்; அதில் நிபுணர் ஆகணும்னா தடயவியல் மருத்துவத்தில் எம்.டி. படிக்கலாம். லேப்ல விஷம், ரத்தம், டி.என்.ஏ., துப்பாக்கிக் குண்டு, போலிக் கையெழுத்து, ஹார்ட் டிஸ்க் எல்லாம் பார்க்கிறவங்க கெமிஸ்ட்ரி, பயாலஜி, பிசிக்ஸ், கம்ப்யூட்டர் படிச்சவங்க. அப்படி ஒரு வட்டார தடய அறிவியல் லேப் மதுரையிலேயே இருக்கு.

பணத்தைக் காப்பாத்துற விஷயம் இங்கதான் இருக்கு. மத்திய அரசு தடயவியல் லேப் வேலைகளுக்கு யு.பி.எஸ்.சி. வெளியிட்ட அறிவிப்புகளை எடுத்துப் பாருங்க. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி மாதிரி பட்டம் கேட்பாங்க. எம்.எஸ்சி. ஃபாரன்சிக் முடிச்சவங்களுக்கு, பி.எஸ்சி.யில் மூணு வருஷமும் அந்தப் பாடம் இருந்திருக்கணும்னு நிபந்தனை போடுறதும் உண்டு. பெயரில் மட்டும் ஃபாரன்சிக் இருக்கிற டிகிரிக்கு லட்சக்கணக்கில் கொட்டிட்டு, விண்ணப்பிக்கும்போது தகுதியில்லைன்னு வந்தா யார் பொறுப்பு?

என் கணக்கு இதுதான்: அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர், லேடி டோக், பாத்திமா மாதிரி உள்ளூர்க் கல்லூரியில் எய்டட் பிரிவில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியோ சுவாலஜியோ படிக்கட்டும். சுயநிதிப் பிரிவைவிட ஃபீஸ் குறைவு, ஹாஸ்டல் செலவும் இல்ல. மூணு வருஷம் கழிச்சும் ஆசை அப்படியே இருந்தா எம்.எஸ்சி. ஃபாரன்சிக். மனசு மாறினா மருந்து கம்பெனி குவாலிட்டி கன்ட்ரோல், பி.எட். என்று வேற கதவுகள் இருக்கு.

அந்த எம்.எஸ்சி.க்கு லோன் தேவைப்பட்டா தம்பி பேரில், அப்பாவைக் கூட்டுக் கடன்தாரராக வைத்து எடுங்க. உங்க பேரில் எடுத்தா, வட்டிக்கு 80-இ வரிக்கழிவு உங்களுக்குக் கிடைக்காது. அது தனக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவருக்குத்தான். கூடப்பிறந்தவங்க அதில் வரமாட்டாங்க. தம்பி பேரில் இருந்தா, வேலைக்குப் போய் அவன் கட்டுற வட்டிக்கு 8 வருஷம் வரை பழைய வரி முறையில் கழிவு எடுக்கலாம்.

அட்மிஷனுக்கு முன்னாடி, மூணு வருஷ சிலபஸையும் கல்லூரியில் கேட்டு வாங்குங்க. பழைய யு.பி.எஸ்.சி. அறிவிப்பு ஒண்ணை பக்கத்தில் வைத்து, தம்பியையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்க.