சொடக்கு விழுந்தால் எலும்பு சேர்ந்துவிட்டதா?

இடுப்பு பிடித்துக்கொண்டால், பிறக்கும்போது கால் முதலில் வந்தவரைத் தேடிப்பிடித்து லேசாக மிதிக்கச் சொல்வது நம் பக்கத்து வழக்கம். வலி போயே போய்விட்டது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. திடீரென வரும் இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். அந்த நேரம் பார்த்து யார் தொட்டாரோ, அவருக்குப் பெயர் கிடைத்துவிடும்.

அதற்காகப் பழகிய கை எதுவுமே செய்வதில்லை என்று சொல்லிவிட முடியாது. தொக்கணம் என்னும் பிடித்துவிடும் முறையைச் சித்த மருத்துவம் ஒன்பதாகப் பிரித்திருக்கிறது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: குயவர்பாளையத்தில் சித்த மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோரிமேட்டில் அன்னை தெரசா நிலையத்தில் பிசியோதெரபி கற்பிக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு மரபுகள். ஆனால் பிசியோதெரபிஸ்ட் உங்களைக் குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியை முள்ளெலும்பின் மேல் பதித்து, முழங்கை மடங்காமல் தன் உடல் எடையைச் சாய்த்துச் சாய்த்து எடுக்கும்போது, அது அழுத்தலும் அசைத்தலும்தான்.

அப்போது உள்ளே நடப்பது என்ன? "விலகிய எலும்பு சேர்ந்துவிட்டது" என்று பலர் நம்புகிறார்கள். 1998இல் ஸ்வீடனில் 10 பேரின் இடுப்பெலும்புகளில் நுண்ணிய உலோக மணிகளைப் பதித்து, கைச்சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே எடுத்து அளந்தார்கள். எலும்பு இருந்த இடத்திலேயே இருந்தது. சொடக்குச் சத்தமும் எலும்பு உரசுவதல்ல. மூட்டு சட்டென்று விரியும்போது அதன் திரவத்தில் வாயுக்குமிழி உருவாகும் கணம் அது. கனடாவில் 2015இல் விரல் மூட்டை எம்ஆர்ஐயில் படமெடுத்தே காட்டினார்கள். உடனே மறுபடி சொடக்கினால் சத்தம் வராது. சத்தமே வராவிட்டாலும் வலி குறையலாம்.

எனக்கு வியப்பு இதில்தான்: மாற்றம் நிகழ்வது நரம்பில். தோலும் தசையும் அனுப்பும் தொடு உணர்வு, தண்டுவடத்தில் வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது. மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்த கருத்து இது. பின்னால் பல திருத்தங்கள் வந்தாலும், அடிபட்ட இடத்தை நாம் ஏன் தேய்த்துவிடுகிறோம் என்பதற்கு இன்றும் அதுவே நல்ல விளக்கம். பயத்தில் விறைத்திருந்த தசையும் தளர்கிறது.

ஆனால் அந்த நிவாரணம் மட்டும் போதாது. நாள்பட்ட இடுப்பு வலி பற்றிய 47 ஆய்வுகளை, 9,211 பேரின் விவரங்களோடு, 2019இல் தொகுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்புக் கைச்சிகிச்சையின் பலன், உடற்பயிற்சி போன்ற பிற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளின் அளவுக்கே இருந்தது, மிஞ்சவில்லை. 2023இல் உலக சுகாதார நிறுவனமும் கைச்சிகிச்சையையும் மசாஜையும் உடற்பயிற்சியோடு சேர்த்தே சொன்னது. இடுப்புப் பட்டையும், இழுவைச் சிகிச்சையும் வழக்கமாகத் தரவேண்டாம் என்றது. ஆகவே சிகிச்சை மேசையிலிருந்து லேசாக எழுந்த அன்றைக்கே நடக்க வேண்டும். மாலையில் வண்டிகளை விடாத புதுச்சேரிக் கடற்கரைச் சாலையைவிட அதற்கு நல்ல இடம் ஏது?

யார் கையும் படக்கூடாத முதுகும் உண்டு. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தன்னையறியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, காலில் பலம் குறைந்தாலோ, அந்த நிமிடமே ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். வலியோடு காய்ச்சல் வந்தாலோ, எலும்பு தேய்ந்த முதியவர் விழுந்து வலி கண்டாலோ முதலில் டாக்டர் பார்க்கட்டும்.